வியாழக்கிழமை மூணு மணி

இல்லீங்ண்ணா, மதத்தைப் பத்திப் பேச வரல. தண்ணி குடுத்தாப் போதுமுங். குடிச்சுட்டுப் போயிர்றோம்.

எதுக்குத் தட்டினேன்னா, மூணாவது மாடியில ஒருத்தர் ரெண்டு மணிக்கு வரச்சொல்லியிருந்தாருங். போன வாரமும் அப்படித்தான் வரச்சொன்னாரு. போயிப் பாத்தா உள்ள பேன் ஓடுது, ஆள் நடமாட்டம் தெரியுது, கதவு மட்டும் தெறக்கல. அது எங்களுக்குப் பழகிப் போச்சுங். சரி, போலாம்னு படியெறங்கி வந்தா, இந்த வீட்டுக்குள்ள நீங்க போன்ல யாரையோ வாங்கு வாங்குன்னு வாங்கிட்டிருந்தீங்க. "அறிவு கெட்டவனே, கேசிங் பைப்பு எறக்காம எவன்டா உன்னை ராடைப் பூட்டச் சொன்னது"ன்னு. சத்தியமாச் சொல்றேன், படியிலயே நின்னுட்டனுங். தமிழ்ல ஒரு திட்டு கேட்டு எத்தனை மாசமாச்சு. அதுலயும் நம்ம பக்கத்துத் திட்டு. கை தானாப் போயித் தட்டிப் போடுச்சு.

நாங்களாப் போயி முன்னப்பின்னத் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டறதில்லீங். யாராச்சும் கூப்பிட்டாத்தான் போகோணும். சட்டம் அப்படி. இருபது மாசத்துல ஒரு சட்டம் மீறினதில்ல நானு. இன்னிக்குத்தான்.

கீழ போர் வண்டி நிக்கறதைப் பாத்தேன், டிஎன் முப்பத்தி நாலுன்னு நம்பரு. திருச்செங்கோடுங்களா? அப்படிச் சொல்லுங். நான் சோமனூருங். இங்க ராஜமுந்திரிக்கு வந்து ஏழு மாசமாச்சு. அதுக்கு முந்தி ஐதராபாத்து, விசாகப்பட்டணம்.

டீ வேண்டாமுங். இல்லீங், கோவிச்சுக்காதீங். எங்க சபையில டீ, காப்பி ரெண்டும் குடிக்கறதில்லீங். பீடி, சிகரெட்டு, சாராயம் எதுவுமில்ல. அதையெல்லாம் சொன்னா எல்லாரும் தலையாட்டுவாங்க, டீன்னு சொன்னதும்தான் சிரிப்பாங்க. இவருக்கும் வேண்டாமுங். இவரு எல்டர் டொப்போ. ராஞ்சிக்காரரு. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அதா, தலையாட்டறாரு பாருங், நான் உங்களுக்குத் தேவனோட திட்டத்தை எடுத்துச் சொல்லிட்டிருக்கேன்னு நெனச்சுட்டிருக்காரு. நெனச்சுட்டுப் போகட்டும். பொழுதோட கணக்குச் சொல்றப்ப எத்தனை பேருக்குப் போதிச்சீங்கன்னு கேப்பாங்க. இவரு ஒண்ணுன்னு சொல்லிக்குவாரு.

நாங்க எப்பவும் ரெண்டு ரெண்டு பேருங். தனியா எங்கயும் போகக் கூடாது. ஒருத்தரை ஒருத்தர் கண்ணுல வெச்சுக்கோணும். குளிக்கற ரூமும் கக்கூசும் தவிர எல்லா எடத்துலயும் ரெண்டு பேரு. கலியாணம் பண்ணினவங்க கூட இப்படி ஒட்டிட்டுத் திரிய மாட்டாங்க. அந்த ஜோடியும் நாம பொறுக்கறதில்ல. மேல இருந்து போடுவாங்க, நாலு மாசம், அஞ்சு மாசம், அப்புறம் வேற ஆளு. இவரு எனக்கு அஞ்சாவது ஆளுங். நல்ல பையன். உருளைக்கிழங்கு தவிர எதுவும் ஆக்கத் தெரியாது, அது ஒண்ணுதான் குத்தம்.

காலையில ஆறரைக்கு எந்திரிக்கோணும். ஆறரைன்னா ஆறரை. தண்டால் எடுக்கோணும், குளிக்கோணும், வேதம் படிக்கோணும், ரெண்டு பேரும் உக்காந்து தெலுங்கு படிக்கோணும். பத்து மணிக்குச் சட்டையைப் போட்டு டையைக் கட்டிட்டு வெளிய எறங்கினா பொழுதடைஞ்சுதான் வீடு. இந்த வெள்ளைச் சட்டை இருக்குது பாருங், நாலு சட்டை வெச்சிருக்கேன், நாலுக்கும் காலர் போச்சு. பக்கெட்டுல ஊறவெச்சுத் தேச்சுத் தேச்சு கைதான் வெளுத்துப் போச்சு. மே மாசம், நாப்பத்திநாலு டிகிரி, டை கட்டிட்டு ரோட்டுல நடந்தா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? ஒருத்தரு இன்சூரன்சுங்கறாரு. ஒருத்தரு வாட்டர் பில்டருங்கறாரு. போன மாசம் ஒரு அம்மா எங்களைப் பாத்ததும் வூட்டுக்காரரைக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்சுப் போட்டாங்க, லோன் வசூலுக்கு வந்திருக்கோம்னு.

நாலு வீடு போகச் சொல்லியிருப்பாங்க. மூணு வீடு பூட்டியிருக்கும். நாலாவது வீட்டுல தண்ணி குடுப்பாங்க, மிச்சரு வெப்பாங்க, நாம சொல்றதையெல்லாம் கேட்டுட்டு, பையனுக்கு அமெரிக்கா போக வழியிருக்கான்னு கேப்பாங்க. நானே பாஸ்போர்ட்டுல ஒரு சீலு விழுகாதவன். அண்ணா, சலிச்சுப் போச்சுங். சலிச்சுப் போச்சுன்னு இங்கிலீசுல சொன்னா ஜெபம் பண்ணும்பாங்க. தெலுங்குல சொல்லத் தெரியாது. அதான் உங்ககிட்டச் சொல்றேன்.

மணி என்னங்? ரெண்டே காலுங்களா. சரி. ஒண்ணுமில்ல, சும்மாத்தான் கேட்டேன்.

இதா? இது பேரு பேட்ஜுங். எல்டர் நாச்சிமுத்து. எல்டர்னா மூப்பர்னு அர்த்தம். இருபத்தியொரு வயசு மூப்பரு, மூஞ்சியில மீசை கூட இல்ல. மீசை வெக்கக் கூடாதுங், வழிச்சுப் போடோணும்.

நாச்சிமுத்து என்ர பேரில்லீங். அது எங்கப்பா பேரு. என்ர பேரு தரணிதரன். பாஸ்போர்ட்டுல நமக்குக் குடும்பப் பேருன்னு ஒண்ணு இல்லயே, அந்தக் கட்டத்துல அப்பா பேரைத்தான் எழுதறோம். சபையில பேட்ஜு அடிக்கறவங்க அந்தக் கட்டத்தைப் பாத்துத்தான் அடிப்பாங்க. வந்த மொத நாளு கையில குடுக்கறாங்க, எல்டர் நாச்சிமுத்துன்னு. அன்னிலிருந்து எல்லாருக்கும் நான் நாச்சிமுத்துதான். நாச்சிமுத்து, ஜெபம் பண்ணு. நாச்சிமுத்து, பாத்தரம் கழுவு. நம்ம ஊருல பள்ளிக்கூடத்துல ஒருத்தனை வம்புக்கு இழுக்கோணும்னா என்ன பண்ணுவோம்? அப்பன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவோம். எட்டாவது படிக்கறப்ப ஒருத்தன் என்னை அப்படிக் கூப்பிட்டான்னு ஜாமெண்டரி பாக்ஸாலயே அடிச்சுப் பல்லை ஒடைச்சவன் நானு. இப்ப பாருங், இருபது மாசமா கூப்பிடறாங்க, நானும் "எஸ்"ங்கறேன்.

இதுல என்ன வேடிக்கைன்னா, ஊட்டை விட்டுக் கெளம்பற அன்னிக்கு எங்கப்பா சொன்ன ஒரே வார்த்தை, "எம் பேரச் சொல்லிட்டு எங்கயும் திரியாத"ங்கறதுதான். நான் என்னமோ அதுக்கோசரம் நெஞ்சுல குத்திட்டுத் திரியற மாதிரி ஆகிப் போச்சு.

அவரு மில்லுல பிட்டருங். ஸ்பின்னிங் மில்லு. முப்பத்தியொரு வருசம். பெரிய கெட்டிக்காரருன்னு சொல்லுவாங்க. இருநூறு மெசினு ஓடிட்டிருக்கறப்ப வாசல்ல நின்னுட்டே, அந்தா அந்த வரிசையில ஒரு பேரிங் போகப் போகுதுன்னு சத்தத்தை வெச்சே சொல்லுவாராமா. நான் டிப்ளமோ முடிச்சதும் அதே மில்லுல ஆபீசுக்குள்ள ஒரு வேலைக்குச் சொல்லி வெச்சிருந்தாரு. அதுக்கோசரம் மேனேஜர் ஊட்டுக்கு மூணு நடை நடந்தாரு. நான் மாட்டேன்னுட்டு இதுக்கு வந்துட்டேன். ரெண்டு வருசம் ஊழியம். எங்கூட்டுல யாரும் சபையில இல்லீங். கோயமுத்தூருல படிக்கறப்ப சிநேகிதன் கூட இங்கிலீசு கிளாசுக்குன்னு போயி, அப்படியே நான் மட்டும் சேந்தது. அம்மா அழுதுட்டு ஒத்துக்கிச்சு. அவரு ஒத்துக்கவே இல்ல.

என்னங்? ஆமாங், போன் உண்டு. வாரத்துல ஒரு நாளு, திங்கக்கிழமை. அன்னிக்குத்தான் துணி தொவைக்கறது, காய் வாங்கறது, ஊட்டுக்குப் பேசறது எல்லாம். வீடியோவுல அம்மா வரும். அரை மணி நேரம் அது பேசும். அவரும் பின்னாடி உக்காந்திருப்பாரு. அம்மா புடிச்சு இழுத்துப் போனைக் குடுக்கும். வாங்குவாரு. "நல்லாருக்கியா"ன்னு ஒண்ணு கேப்பாரு. நான் வாயைத் தெறந்து பதில் சொல்றதுக்குள்ள போனை அம்மா கையில குடுத்துட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. ஒரு வாட்டி ரெண்டு வாட்டி இல்லீங், வாரா வாரம். கேக்கறதைக் கேட்டுட்டு, பதிலைக் கேக்க நிக்கறதில்ல. அவ்வளவு வெறுப்பு.

ஆனா வியாழக்கிழமை ஆச்சுன்னா மூணு மணிக்கு அவரே கூப்பிடுவாரு. வியாழக்கிழமை மில்லு லீவு. வேற எந்த நாளும் கூப்பிட மாட்டாரு. வியாழக்கிழமை, மதியம் மூணு மணி. நான் அன்னிக்கு எடுக்கக் கூடாதுன்னு அவருக்கு நல்லாத் தெரியும். அம்மா நூறு தடவை சொல்லியிருக்குது. தெரிஞ்சே கூப்பிடுவாரு. என்னைச் சட்டம் மீற வெக்கோணும், அதான். நான் எடுத்ததே இல்லீங். யார் ஊட்டுலயாச்சும் உக்காந்து பேசிட்டிருப்பேன், பாக்கெட்டுல கிர்ருகிர்ருன்னு அதிரும். முழுசா அடிச்சு முடியும். மறுபடி ஒருக்கா அடிக்கும். அவ்வளவுதான், அப்புறம் அடுத்த வாரந்தான். ஒண்ணரை வருசமா. ஒரு வியாழன் தப்பினதில்ல.

இவரு சொல்லுவாருங், டொப்போ. "எல்டர், எடு"ம்பாரு. "பிரசிடெண்டுகிட்ட ஒரு வார்த்தை கேளு, அப்பான்னா விடுவாரு"ம்பாரு, எங்க ஊழியத்துக்கெல்லாம் மேல இருக்கறவரு அவரு. கேட்டா விட்டிருப்பாரு, இல்லேங்கல. எனக்கு முந்தின ஆளு ஒருத்தனுக்கு அவங்கம்மாவுக்கோசரம் செவ்வாக்கிழமை கூட விட்டாங்க. நான் கேக்கல. எதுக்குங் கேக்கோணும்? அவருக்குப் பேசோணும்னா திங்கக்கிழமை பேசட்டும். போன் கையில இருக்கறப்பவே பேசாதவரு. இவருக்கு அப்பா இல்லீங், சின்ன வயசுலயே போயிட்டாரு. அதனால எல்லார் அப்பனும் நல்லவன்னு நெனப்பு.

மணி ரெண்டரை ஆகியிருக்குமுங்களா? சரிங்.

கேளுங்கண்ணா, கதை இன்னும் இருக்குது. இப்ப அஞ்சு வாரத்துக்கு முந்தி, ஒரு வியாழக்கிழமை, காலையில படிச்சிட்டிருக்கோம், கீழ மளிகைக் கடைக்கார அம்மா வந்து கதவைத் தட்டுது. "யாரோ ஒரு பெரிய மனுசன் வந்து நிக்கறாரு, உங்க பேரைச் சொல்றாரு"ங்குது. நாச்சிமுத்து இருக்காரான்னு கேக்கறாரான்னா, இல்லயாம். "உங்க பேரென்ன"ன்னு இது கேட்டதுக்கு, "நாச்சிமுத்து"ன்னாராமா. "அவரு மேல இருக்காரு, நீங்க யாரு"ன்னு கேட்டதுக்கு, மறுபடியும் "நாச்சிமுத்து"ங்கறாராமா. அந்தம்மா பயந்துருச்சு. எறங்கிப் போயிப் பாத்தா எங்கப்பா. கையில ஒரு மஞ்சப்பை. ராத்திரி முழுக்க உக்காந்துட்டே ரயில்ல வந்திருக்காரு. தெலுங்கு ஒரு எழுத்து தெரியாது. சொல்லல, கொள்ளல, வந்து நிக்கறாரு.

வாங்கப்பான்னேன். அவரு மொதல்ல இந்தப் பேட்ஜைத்தான் பாத்தாரு. எழுத்துக் கூட்டிக் கூட்டி, வெரலை வெச்சுப் படிச்சாரு. "எம் பேரு போட்டிருக்குது"ன்னாரு. நானாக் கேட்டுப் போட்டதில்லீங்கப்பா, பாஸ்போர்ட்டுல இருக்குதுன்னு போட்டாங்கன்னேன். "ஆங்?"ன்னாரு. மறுபடி சொன்னேன். பேட்ஜையே பாத்துட்டு நின்னாரு.

ரூமுக்குள்ள வெளியாளு வரக் கூடாதுங். அப்பாவும் வெளியாளுதான், அன்னிக்கு எனக்கு அப்படித்தான் பட்டுது. அதனால கோதாவரிக் கரைக்குக் கூட்டிட்டுப் போனேன், டொப்போவும் கூட. படித்துறைக்கு மேல வேப்பமரத்துக்கடியில ஒரு சிமெண்டு பெஞ்சு. நான் அவருக்கு எடது பக்கம் உக்காந்தேன். அவரு எந்திரிச்சு வந்து எனக்கு இந்தப்பக்கம் உக்காந்தாரு. ஏன் மாறி உக்காந்தாருன்னு தெரியல, வெயிலா இருக்கும். உக்காந்து என்ர வாயையே பாத்துட்டிருக்காரு. கண்ணைப் பாக்கல, வாயைப் பாக்கறாரு. எனக்குப் புரிஞ்சு போச்சுங். மீசை. நம்மள்ல அப்பன் செத்தாத்தானே மீசையெடுப்போம். நான் உசுரோட இருக்கறப்பவே எடுத்துட்டானேன்னு பாக்கறாரு. எனக்கு ஒடம்பே கூசிப் போச்சு. நானு வாயைக் கையால மறைச்சு மறைச்சுத்தான் பேசினேன்.

அப்ப அவரு ஒண்ணு கேட்டாருங். "ஊரு ஊராப் போயி என்னமோ பேசறியாமா. என்ன பேசறே? எங்கிட்ட ஒருக்காச் சொல்லு, கேக்கறேன்"னாரு.

அண்ணா, இருபது மாசத்துல யாருமே இப்படி என்கிட்டக் கேட்டதில்லீங். கதவைத் தெறங்க, பத்து நிமிசம் கேளுங்கன்னு நாமதான் கெஞ்சறது. சொல்லு, கேக்கறேன்னு ஒரு ஆளு கேட்டதில்ல. அதுவும் எங்கப்பா. மெல்லமா ஆரம்பிச்சேன். தேவன் நம்ம எல்லாருக்கும் தகப்பன்னுதான் மொதப் பாடம் ஆரம்பிக்கும். அதைச் சொன்னேன். "ஆங்?"ன்னாரு. மறுபடி சொன்னேன். "ஆங்?"ன்னாரு. மூணாவது வாட்டி சொல்றேன், கூச்சம் வேற, சுத்தி நாலு பேரு துணி தொவைச்சுட்டிருக்காங்க, கொரலு உள்ள போயிருச்சு. பாதி சொல்லிட்டிருக்கேன், எந்திரிச்சுட்டாரு. "சரி வா, டீ குடிப்போம்"னாரு. அவ்வளவுதான். நான் பேசறதைக் காதுலயே வாங்கலீங். கேக்கறேன்னு சொல்லி ஆசை காட்டி, மூணு தடவை ஆங் ஆங்ன்னு பழிச்சுக் காட்டி, எந்திரிச்சுப் போயிட்டாரு. தெலுங்குக்காரன் கூட அப்படி அவமானப்படுத்தினதில்ல.

கடையில மூணு டீ சொன்னாரு. அப்பா, நாங்க குடிக்கறதில்லீங்கன்னேன். அதுக்குள்ள டீ வந்துருச்சு. ஒரு கிளாசை என்கிட்ட நீட்டறாரு. கைய ஆட்டி வேண்டாமுன்னேன். டொப்போகிட்ட நீட்டினாரு. இவரும் கையெடுத்துக் கும்பிட்டாரு. மூணு டீயையும் எங்கப்பாவே குடிச்சாருங். ஒண்ணு முடிச்சு ஒண்ணு, நின்னுட்டே, ரோட்டைப் பாத்துட்டு. எனக்கு ஆத்தரம்னா ஆத்தரம். இந்த ஆளு வேணும்னே பண்றாருன்னு.

சாயங்காலமே கெளம்பறேன்னுட்டாரு. ஸ்டேசன்ல விடறப்ப நான் சொல்லிப்போட்டனுங். அடக்கி அடக்கி வெச்சது, கத்தியே சொன்னேன். "வியாழக்கிழமை கூப்பிடாதீங்க, எனக்குத் தொந்தரவா இருக்குது, இனிக் கூப்பிடாதீங்க"ன்னு. பக்கத்துல நின்னவங்கல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அது மட்டும் அவருக்கு நல்லாக் கேட்டுச்சு. "சரி சாமி"ன்னாரு. மஞ்சப்பையை என்கிட்டக் குடுத்துட்டு ஏறிட்டாரு. உள்ள பொரி உருண்டையும் அம்மா குடுத்த தேங்காயெண்ணெயும் இருந்துச்சு.

அதுக்கப்புறம் நாலு வியாழன் போச்சுங். ஒரு போனு வரல. நல்லதுதானே, தொல்லை விட்டுச்சு. நானும் அதேதான் நெனச்சேன். ஆனா பாருங், வியாழக்கிழமை ரெண்டரை ஆச்சுன்னா போனை எடுத்து எடுத்துப் பாக்கறேன். போன வாரம் சிக்னல் இல்லாத ஒரு ஊடுன்னு டொப்போவை இழுத்துட்டு ரோட்டுக்கு வந்து நின்னுட்டேன். மூணு, மூணே கால், மூணரை. ஒண்ணுமில்ல. நாலு மாசத்துல ஊருக்குப் போயிருவேன், போயி என்னன்னு அந்த ஊட்டுக்குள்ள நொழையறது? பெத்தவரு பேச்சை நிறுத்திட்டாருன்னா அப்புறம் யாரு ஊட்டுல நானு உக்காந்து யாருக்கு என்ன போதிக்கறது? அதுதான் என்னைத் திங்குதுங். ஆறரைக்கு எந்திரிக்கறேன், ஜெபம் பண்றேன், நடக்கறேன், ஆனா உள்ள ஒண்ணுமே இல்ல.

அம்மாகிட்ட திங்கக்கிழமை கேட்டா அதுக்கு மேல கொறை சொல்லுது. "ஆளு முன்ன மாதிரி இல்ல கண்ணு, கூப்பிட்டாத் திரும்பறதில்ல, அத்தனை திமிரு, டிவியை அலற வுட்டுட்டு உக்காந்துக்கறாரு, பக்கத்து ஊட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க"ங்குது. மூணு மாசத்துக்கு முந்தி மில்லுல பிட்டர் வேலையிலிருந்து எடுத்து பேக்கிங்ல போட்டுட்டாங்களாமா. மேனேஜர்கிட்ட வாயைக் குடுத்திருப்பாரு. திமிரு புடிச்ச மனுசனுங், நானும் அவரு மகந்தானே.

என்னங்? எந்தப் பக்கம் மாறி உக்காந்தாருன்னா கேட்டீங்க? நான் எடது பக்கம் இருந்தேன். எந்திரிச்சு வந்து, அவருக்கு வலது பக்கம் நான் வர்ற மாதிரி உக்காந்தாரு. ஏனுங், அதை எதுக்குக் கேக்கறீங்க?

நீங்களும் இவ்வளவு நேரமா வலது பக்கத்தையே எனக்குக் காட்டிட்டு உக்காந்திருக்கீங்களே. ஏனுங்ண்ணா?

...எடது காது சுத்தமாக் கேக்காதுங்களா? எத்தனை வருசமா? கம்ப்ரசர் பக்கத்துல நின்னு நின்னா. ஓ. அப்படின்னா நான் மெல்லமாச் சொன்னதெல்லாம்...? என்ர வாயைப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டீங்களா.

வாயைப் பாத்து.

இருங்ண்ணா. இருங். இல்லீங், எங்கப்பாவுக்குக் காது நல்லாக் கேக்குமுங். பேரிங் சத்தத்தை வெச்சே... ஆமா, அதுக்குத்தான் பிட்டர் வேலையிலிருந்து எடுத்தாங்களா? காது போனவங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டாங்களா? தெரிஞ்சா வேலை போயிரும்னு. நீங்களும் உங்க ஓனருகிட்டச் சொல்லலீங்களா. ஊட்டுல அக்காகிட்டக் கூடவா.

எங்கம்மா திமிருங்குதுங்ண்ணா. நானும் திமிருங்கறேன்.

வியாழக்கிழமை எதுக்குன்னா? எனக்கு எப்படித் தெரியும். லீவு, அதான்.

என்ன சொல்றீங்க? மறுபடி சொல்லுங். வண்டி ஓடற நாளெல்லாம் காதுக்குள்ள ங்ஙொய்னு எரைச்சலு. வண்டி ஒரு நாள் முழுக்க நின்னாத்தான் எரைச்சல் அடங்கும். அடங்கி, மதியத்துக்கு மேல சித்த நேரம், மனுசங்க பேசறது கொஞ்சம் தெளிவாக் கேக்கும். உங்க புள்ளைக்கு நீங்க அப்பத்தான் போன் பண்ணுவீங்களா. மறுநாளு வண்டி ஓடினா மறுபடி போயிரும்.

மில்லு வியாழக்கிழமை நிக்குது. அவரு கூப்பிடறது மூணு மணிக்கு.

திங்கக்கிழமை நல்லாருக்கியான்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போனது... கேக்கலீங்களா அவருக்கு. பதில் கேக்காதுன்னு தெரிஞ்சுதான் போனைக் குடுத்துட்டுப் போனாரா. வாரத்துல ஒருக்காத் தெறக்கற காதை எனக்குன்னு வெச்சுட்டு உக்காந்திருந்தாரா அந்த மனுசன். ஒண்ணரை வருசமா. நான் பாக்கெட்டுல அதிர விட்டுட்டுத் தெலுங்குக்காரங்களுக்குத் தகப்பனைப் பத்திச் சொல்லிட்டிருந்தேன். அதுலயும் கேக்கோணும்னு ராத்திரியெல்லாம் ரயில்ல வந்த மனுசன்கிட்ட வாயை மறைச்சு மறைச்சுப் பேசியிருக்கனுங் நானு. கையால. இப்படி.

ஒண்ணுமில்லீங். தண்ணி குடுங். இல்ல, அழுகல. டொப்போ பயப்படறாரு பாருங், போதனையில ஆளு மனசு மாறித்தான் அழுகோணும், போதிக்கறவன் அழுகக் கூடாது. எல்டர், நத்திங், நத்திங். மை பாதர்.

மணி என்னங்? மூணு அடிக்க அஞ்சா.

பிரசிடெண்டுகிட்ட அப்புறம் சொல்லிக்கறேன். திட்டினாத் திட்டட்டும், திருப்பி அனுப்பினா அனுப்பட்டும். என்ர போன்லயே போடறேன். இவரும் போடுங்கறாரு, பாருங், ஜன்னலைச் சாத்தறாரு, ரோட்டுச் சத்தம் வரக் கூடாதுன்னு. இவருக்கு நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலீங், அதுக்குள்ள.

ரிங் போகுது. அவரு போனு எப்பவும் சட்டைப் பாக்கெட்டுலதான் இருக்கும். ரிங் கேக்காட்டியும் அதிர்றது தெரியுமில்லீங்களா? தெரியுமில்ல?

எடுத்துட்டாருங். எடுத்துட்டாரு, யாருங்கறாரு.

அண்ணா, உங்க ஊட்டுக்குள்ள நான் கொஞ்சம் கத்திப் பேசலாமுங்களா?